கிளி எடுத்த சீட்டும் சீமைச் சீட்டும்

கூண்டுக் கதவு திறக்கிறது. பச்சைக்கிளி வெளியே வருகிறது. கச்சேரி மேடைக்கு வரும் வித்துவானைப் போல் இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துச் சபையை ஒரு நோட்டம் பார்க்கிறது. அடுக்கி வைத்திருக்கும் சீட்டுகளின்மேல் நடந்து, ஒன்றை மூக்கால் இழுத்துத் தள்ளுகிறது. "இதுவும் சரியில்லை" என்பதுபோல் அடுத்ததையும் தள்ளுகிறது. மூன்றாவதையோ நாலாவதையோ எடுத்து எஜமானர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே கூண்டுக்குள் போய்விடுகிறது.

ஒரு மனுஷியின் தலையெழுத்தைத் தேடி எடுத்ததற்குக் கூலி, ஒரே ஒரு நெல்மணி!

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதே இல்லை. கோயில் வாசல், சந்தை, திருவிழாக் கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு ஓரத்து மரநிழல் என்று கிளிக்காரர் உட்காராத இடம் கிடையாது. இப்போது அந்த இடத்துக்குப் போட்டியாக இன்னொரு சீட்டுக் கட்டு வந்திருக்கிறது. சென்னையில் படிக்கும் பெண் லீவுக்குக் கும்பகோணத்துக்கு வருகிறாள். பெட்டியைப் பிரித்தால் துணிமணிகளுக்கு அடியில் வழவழவென்று ஒரு கட்டு. "ரம்மியா ஆடறேள் அங்கே?" என்று பாட்டி கேட்கிறாள். பெண் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறாள். பதிமூன்றாவது சீட்டில், வெள்ளைக் குதிரைமேல் ஓர் எலும்புக்கூடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டுவிடுகிறது.

டாரட் சீட்டு என்பது அதுதான். இதைப் பற்றி அம்மாக்களுக்கு இரண்டு சந்தேகங்கள். இது ஏதாவது ஏவல், சூனியம் சம்பந்தப்பட்டதா? அப்படி இல்லையென்றால், இதை நாமும் கற்றுக்கொள்ள முடியுமா? முதல் கேள்விக்குப் பதில், இல்லை. இரண்டாவதற்கு, தாராளமாக முடியும். அதிலும் கிளி ஜோசியம் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

கிளிக்கு என்ன தெரியும்?

கிளி ஜோசியரின் கட்டில் வழக்கமாக இருபத்தேழு சீட்டுகள், நட்சத்திரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வத்தின் படம். சில கட்டுகளில் புத்தரும் உண்டு, குழந்தை ஏசுவைத் தாங்கிய மாதாவும் உண்டு. வருகிறவர்கள் எல்லா ஜாதி, எல்லா மதமும் அல்லவா?

கிளிக்கு நட்சத்திரம் தெரியாது. அது அறிந்ததெல்லாம் நெல்மணி. (வயலில் கதிர் முற்றும்போது கூட்டமாக வந்து கொள்ளையடிக்கிற இதே ஜாதிதான், இங்கே ஒவ்வொரு மணியாக உழைத்துச் சம்பாதிக்கிறது!) அது எடுக்கும் சீட்டு குருட்டாம்போக்கில் வந்த சீட்டு. வித்தை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அது கிளியுடையது அல்ல, மனிதருடையது.

முருகன் படம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து உட்கார்ந்திருப்பவள் இருபது வயதுப் பெண்ணாக இருந்தால், வள்ளி கல்யாணம் பேச்சில் வரும். நாற்பது வயதுக்காரியாக இருந்தால், பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையின் கதை வரும். "மகன் கோபம் தணிந்து திரும்புவான், அம்மா" என்பார் ஜோசியர். கோர்ட்டு வழக்கில் அலைகிறவரானால், சூரசம்ஹாரம். படம் ஒன்றே. கதை மூன்று. எந்தக் கதையை எடுப்பது என்பதை அவர் சீட்டில் படிக்கவில்லை. எதிரே இருப்பவரின் முகத்தில் படிக்கிறார். கையில் வளையல் எத்தனை, கழுத்தில் என்ன, கூட வந்தது யார், கேள்வி கேட்கும்போது குரல் எங்கே தழுதழுத்தது என்பதெல்லாம் அவருக்கு ஏடு.

இது மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாத ஒரு துக்கத்தை, முன்பின் தெரியாத ஒரு மனிதர் ஐந்து நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறார். அந்த ஐந்து நிமிஷத்துக்கும் ஒரு விலை உண்டு.

கிளியின் பாடுதான் பரிதாபம். இறக்கையைக் கத்தரித்துக் கூண்டில் அடைத்த பிறவி அது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடித்து வைத்துக்கொள்வது குற்றம். 2024 ஏப்ரலில், பார்லிமெண்டுத் தேர்தல் சமயத்தில், கடலூர்ப் பக்கத்தில் ஒரு கிளி ஒரு வேட்பாளருக்கு நல்ல சீட்டாக எடுத்துக் கொடுத்தது, செய்தி பரவியது. உடனே வனத்துறையினர் வந்து கிளிகளைக் கைப்பற்றி, கிளிக்காரரை எச்சரித்து அனுப்பினார்கள். வேட்பாளர் ஜெயிக்கவில்லை என்பது உபரிச் சமாசாரம்.

நாழி நெல்லும் ஒரு கயிறும்

காவிரிக் கரையில் இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடிகள்தான். பாடியவர் நப்பூதனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன் வணிகர் ஒருவரின் மகன். அந்தப் பாட்டில், போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை, மழைக்காலம் வந்துவிட்டது, தலைவி வாடுகிறாள். வீட்டிலுள்ள வயதான பெண்கள் நாழியில் நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய்த் தூவிக் கும்பிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் காதில் விழும் வார்த்தைதான் தெய்வத்தின் பதில். அதற்கு விரிச்சி என்று பெயர். அங்கே ஓர் இடைப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்குட்டியைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்: உன் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்கிறாள். போதும்! கிழவிகள் ஓடி வந்து தலைவியிடம் நல்ல சகுனம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

கவனியுங்கள். இடைப்பெண் தலைவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குக் கன்றுக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். காத்திருக்கும் கன்றையும் காத்திருக்கும் மனைவியையும் சேர்த்து வைத்துப் பார்த்தது கிழவிகளின் மனம். தற்செயலாக ஒன்று வருகிறது. அதில் நம் விஷயத்தை நாம் பொருத்திப் பார்க்கிறோம். கிளிச் சீட்டானாலும் சீமைச் சீட்டானாலும், சூத்திரம் இது ஒன்றேதான்.

இன்னொரு வரலாறு. பதிமூன்றாம் நூற்றாண்டு. பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்பவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை. குலகுருவிடம் போய் முறையிட்டார்கள். அவர் தேவாரச் சுவடியை வைத்துப் பூஜை செய்து, ஏடுகளுக்கு நடுவே கயிறு சாத்திப் பார்த்தார். கயிறு விழுந்த ஏட்டில் இருந்தது, திருஞானசம்பந்தர் திருவெண்காட்டில் பாடிய பதிகம். அங்கே முக்குள நீரில் ஆடுகிறவர்களுக்குப் பிள்ளைப் பேறு உண்டு என்று சொல்லும் பாட்டு. தம்பதி சீர்காழிப் பக்கம் போய்த் திருவெண்காட்டில் தங்கி நீராடினார்கள். பிறந்த குழந்தைதான் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் என்று சைவ மரபு சொல்கிறது. கயிறு சாத்திய குருவே பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்குச் சீடரானார். அவர்தான் அருணந்தி சிவாசாரியார்.

டெல்டாவில் இவ்வளவு ஜோசியம் ஏன் என்று யோசித்தால், மண்ணிலேயே பதில் இருக்கிறது. குறுவை விதைக்க வேண்டும். ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்களா, மாட்டார்களா? குடகில் மழை உண்டா? ஐப்பசியில் சம்பா பயிர் மூழ்குமா, பிழைக்குமா? நம் கையில் இல்லாத தண்ணீரை நம்பித்தான் சமையலறையில் உலை வைக்க வேண்டும். நாழி நெல்லை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் நிற்பவர்களைக் குறை சொல்ல யாருக்கு உரிமை?

சூதாட்டச் சீட்டு ஜோசியம் ஆன கதை

டாரட்டுக்கு வருவோம். எகிப்து தேசத்துக் கோயில் ரகசியம், பிரமிடுக்குள் கிடைத்த ஞானம் என்றெல்லாம் இதற்கு ஒரு பெருமை கட்டியிருக்கிறார்கள். அத்தனையும் கப்ஸா! இது பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றிய சீட்டாட்டம். மிலான் நகரத்துப் பிரபுக்களின் குடும்பத்துக்காக 1450-ஐ ஒட்டித் தங்க ரேக்கு ஒட்டி எழுதிய சீட்டுகள் இன்னும் சில காட்சிசாலைகளில் இருக்கின்றன. (நம் தஞ்சாவூர்ப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை ரொம்பப் பிடிக்கும்.) பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் இதை வைத்து வெறும் ஆட்டம்தான் ஆடுகிறார்கள்.

1781-ல் பாரிஸில் கூர் தெ ஜெப்லான் என்ற பண்டிதர், இது எகிப்தியரின் ஞானப் புத்தகம் என்று எழுதிவைத்தார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. ஷாம்போலியோன் அதன் பூட்டைத் திறந்தது 1822-ல்! ஆகையால் மறுத்துப் பேச யாருக்கும் முடியவில்லை. 1785-ல் எத்தெய்யா என்ற புனைபெயர்க்காரர், இதை வைத்துக் குறி சொல்வது எப்படி என்று புத்தகமே போட்டார். ஆக, இந்த ஜோசியத்துக்கு வயது சுமார் 240 வருஷம். முல்லைப்பாட்டுக் கிழவிகளுக்கு முன்னால் இது நேற்றுப் பிறந்த குழந்தை.

இப்போது கடைகளில் விற்கும் கட்டு பெரும்பாலும் 1909-ல் லண்டனில் வெளிவந்த கட்டின் பிரதி, அல்லது அதைப் பார்த்து வரைந்தது. யோசனை ஏ. இ. வெய்ட் என்பவருடையது, அச்சிட்டு விற்றது ரைடர் கம்பெனி. எழுபத்தெட்டுப் படங்களையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற முப்பத்தோரு வயதுப் பெண். வெகு காலம் வரைக்கும் அந்தக் கட்டுக்கு ரைடர்–வெய்ட் கட்டு என்றுதான் பெயர். யோசனை சொன்னவர் பெயர் இருந்தது, விற்றவர் பெயர் இருந்தது. வரைந்தவள் பெயர் மட்டும் இல்லை. சமையல் செய்தவளை விட்டுவிட்டு, விருந்துக்குத் தேதி வைத்தவரையும் இலை போட்டவரையும் புகழ்கிற சங்கதி நமக்குப் புதிதா என்ன?

பமீலா செய்தது சின்ன வேலையும் அல்ல. அதற்கு முன்னால் புழங்கிய கட்டுகளில், பெரிய சீட்டுகள் இருபத்திரண்டுக்கும் ராஜா ராணிகளுக்கும்தான் உருவம் இருக்கும். மற்றவை நம் ரம்மிச் சீட்டைப் போல எண்ணிக்கைக் குறிகள்தான்: ஐந்து கோப்பை, எட்டு வாள், அவ்வளவே. அர்த்தத்தை நெட்டுருப் போட்டால்தான் உண்டு. பமீலா ஒவ்வொரு சீட்டிலும் ஒரு காட்சி எழுதினார். சிந்திய கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு கறுப்புப் போர்வையில் ஒருவன். பனியில் நொண்டிக்கொண்டு போகும் இரண்டு ஏழைகள். தலைக்குமேல் வெளிச்சம் தெரியும் கோயில் ஜன்னல். புஸ்தகம் இல்லாமல், படத்தைப் பார்த்தே கதை சொல்ல எவருக்கும் முடிந்தது.

அவருக்குக் கிடைத்தது என்ன? வேலை பெரிது, பணம் மிகக் குறைவு என்று அவரே அந்த வருஷம் ஒரு சிநேகிதருக்குக் கடிதம் எழுதினார். விற்ற கட்டுக்கு ராயல்டி கிடையாது. 1951-ல் கார்ன்வால் கடற்கரையில் ப்யூட் என்ற ஊரில் கடனோடு காலமானார். வீட்டுச் சாமான்களைக் கடனுக்காக விற்றார்கள். படங்களின் ஓரத்தில் கொடி பின்னியது மாதிரி மூன்று எழுத்துக்களைக் கோத்துத் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார், பார்த்தால் தெரியும். சமீப காலமாகத்தான் கட்டின் பெயரோடு ஸ்மித் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

எப்படிப் படிப்பது?

கட்டில் எழுபத்தெட்டு. அவற்றில் இருபத்திரண்டு பெரிய சீட்டுகள்: ஒன்றும் அறியாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை விளிம்பில் நடக்கும் பித்தனில் ஆரம்பித்து, உலகம் என்ற சீட்டில் முடியும். மீதி ஐம்பத்தாறும் நாலு ஜாதி, ஜாதிக்குப் பதினாலு. கோல் என்றால் உழைப்பும் ஊக்கமும். கோப்பை என்றால் மனசு, பாசம், கண்ணீர். வாள் என்றால் யோசனை, வாக்குவாதம், சண்டை. காசு என்றால் பணம், வீடு, நிலம், உடம்பு. இதற்குமேல் முதல் மாசத்தில் ஒன்றும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சின்னப் புஸ்தகம் ஒன்று கட்டோடு வரும். அதை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுங்கள். முதலில் படத்தைப் பாருங்கள். யார் இருக்கிறார்கள்? எந்தப் பக்கம் பார்க்கிறார்கள்? கையில் என்ன? பின்னால் என்ன?

உதாரணமாக, நான் சொன்ன கறுப்புப் போர்வைக்காரன், கோப்பை ஐந்து. முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அவன் அவற்றையே பார்க்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்கின்றன. தூரத்தில் ஆறு, ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு வீடு. துக்க வீட்டுக்குப் போய் வந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தப் படத்துக்குக் கோனார் நோட்ஸ் தேவையில்லை.

அடுத்தது, கேள்வி. "நடக்குமா, நடக்காதா?" என்று கேட்டால் பூக்கட்டிப் பார்த்துவிடலாமே, வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, ஒரு குழந்தையைக் கூப்பிட்டால் போதும். சீட்டுக்குக் கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும்: இதில் நான் எதைக் கவனிக்காமல் இருக்கிறேன்? என்னைத் தடுப்பது எது?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பாபநாசம் பக்கத்தில் ஒரு விதவைப் பெரியம்மாள். ஐந்து மா நிலம், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. குத்தகைக்கு விட்டிருக்கிறாள். சென்னையிலிருக்கும் பிள்ளை, விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்கிறான். தங்கையின் பெண் சீட்டுக் கட்டோடு லீவுக்கு வந்திருக்கிறாள். மூன்று சீட்டு எடுக்கிறார்கள்: நிலைமை, தடை, வழி.

முதலாவது, காசு ஏழு. ஒரு குடியானவன் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு, காசு காய்த்திருக்கும் செடியைப் பார்க்கிறான். இரண்டாவது, கோல் பத்து. பத்துக் கட்டைகளையும் சேர்த்தணைத்து முகம் மறையத் தூக்கிக்கொண்டு குனிந்து நடக்கிறான் ஒருவன். ஊர் கிட்டே தெரிகிறது. மூன்றாவது, வாள் ஆறு. படகில் முக்காடிட்ட ஒரு பெண்ணும் குழந்தையும், பின்னால் ஓடக்காரன், படகுக்குள்ளே ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன.

"பாத்தியா பெரியம்மா, படகிலே ஏறிப் போன்னு வந்திருக்கு. வித்துட்டுக் கிளம்பு" என்று சொல்லலாம். "வாளைப் பிடுங்கினா படகிலே ஓட்டை விழும், பெரியம்மா. இருக்கிறதை அசைக்காதே" என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. கற்றுக்குட்டி இந்த இடத்தில் தன் அபிப்பிராயத்தைச் சீட்டின் தலையில் கட்டிவிடுவாள். பழகியவள் அப்படிச் செய்யமாட்டாள். சீட்டைப் பெரியம்மாள் பக்கம் திருப்பி வைத்து, "இதிலே நீ யாரு, பெரியம்மா?" என்று கேட்பாள்.

பெரியம்மாள் படகைத் தொடமாட்டாள். முதல் சீட்டைத் தொடுவாள். "இந்த மண்வெட்டிக்காரன் இருக்கானே, இவன் நான் இல்லேடி. நம்ம குத்தகைக்காரன். இருபது வருஷமா அவன்தான் அந்த வயலைப் பாத்துண்டு நிக்கறான். அவன்கிட்டே என்னன்னு போய்ச் சொல்றது?"

விற்பதா வேண்டாமா என்பது அவள் மனசில் எப்போதோ தீர்ந்துவிட்டது. தொண்டையில் நின்றது வேறு. சீட்டு அதைச் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். ஆனால் படம் இல்லாவிட்டால் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம். இனிமேல் பேச வேண்டியது குத்தகைக்காரரிடம், பிறகு வக்கீலிடம். கட்டை மூடி உள்ளே வைத்துவிடலாம்.

தலைகீழாக வரும் சீட்டுக்கு வேறு அர்த்தம், பத்துச் சீட்டைச் சிலுவை மாதிரி பரப்பும் முறை என்றெல்லாம் மேல் வகுப்புப் பாடங்கள் உண்டு. அவசரமில்லை.

பயமுறுத்துகிறவர்களிடம் ஜாக்கிரதை

1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் தம் வகுப்பில் ஒரு வேடிக்கை செய்தார். 39 மாணவர்களுக்கும் ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவர் குணத்தையும் கணித்துவிட்டதாகச் சொல்லித் தனித்தனியே ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி மார்க், 4.26! பிறகுதான் தெரிந்தது, எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியது. உங்களுக்கு உள்ளே ஒரு கவலை இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்வதில்லை என்று யாரிடம் சொன்னாலும் "ஆமாம், எப்படித் தெரிந்தது?" என்றுதான் கேட்பார்கள். கேட்காதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது தெரிந்திருந்தால் பர்ஸுக்கு நல்லது. ஏனென்றால் கிளிக்காரர் கூலிக்குச் சீட்டு எடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். வேறு சிலர் எழுந்து போவதில்லை. முதல் சீட்டில் தோஷம் என்பார்கள், இரண்டாவதில் கண்டம், மூன்றாவதில் பரிகாரம், அதற்கு ஒரு தொகை. சங்கிலி கழுத்திலிருந்து இறங்கும் வரையில் சீட்டு வந்துகொண்டே இருக்கும். தெருவில் உட்கார்ந்தாலும் சரி, குளிர்சாதன அறையில் ஊதுவத்தி ஏற்றி உட்கார்ந்தாலும் சரி, டெலிபோன் திரையில் வந்தாலும் சரி, பரிகாரத்துக்குப் பணம் என்ற வார்த்தை காதில் விழுந்த உடனே எழுந்துவிடுங்கள். செருப்பை மறந்தாலும் பரவாயில்லை.

வியாதி, ஆபரேஷன், பிரசவம், கோர்ட்டுத் தேதி, கடன் பத்திரம், இவற்றைச் சீட்டிடம் கேட்கவே கேட்காதீர்கள். ஊரில் இல்லாத மூன்றாம் மனுஷியைப் பற்றியும் கேட்க வேண்டாம், "மருமகள் மனசில் என்ன இருக்கிறது?" என்று சீட்டைப் புரட்டுவதைவிட, மருமகளை ஒரு காபி சாப்பிடக் கூப்பிடுவது சுலபம். பிள்ளை, பெண் ஜாதகப் பொருத்தத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டு ஒரு வரனைத் தட்டிக்கழிப்பது மகா பாவம்.

பாட்டியை மயக்கம் போட வைத்த பதிமூன்றாம் சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் மரணம்தான், ஒளிப்பதில் பயனில்லை. குதிரைக்கு முன்னால் ஒரு ராஜா விழுந்து கிடக்கிறார். மதகுரு கைகூப்பி நிற்கிறார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மட்டும் பயப்படாமல் நிமிர்ந்து பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். சீட்டு படிக்கிறவர்கள் இதற்கு ஆள் சாவு என்று பலன் சொல்வதில்லை. ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிப்பது என்பார்கள். பெண் கல்யாணமாகிப் புக்ககம் போகிற வீட்டில் அந்தச் சீட்டு வந்தாலும் பொருந்தும், தாளடி அறுத்த வயலுக்கும் பொருந்தும். உண்மையில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சைப் பிசைகிற சீட்டு அது அல்ல, வாள் எட்டு. கண்ணைக் கட்டி, உடம்பையும் துணியால் கட்டி, ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறது. சுற்றிலும் எட்டு வாள்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் கால்களில் கட்டு இல்லை. எதிரே வாளும் இல்லை. இந்தப் படத்தை வரைந்தது ஒரு பெண் என்று தெரியாமல் பார்த்தாலும், ஊகித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி: தினம் ஒரே ஒரு சீட்டு. காலையில் முதல் காபி ஆனதும் எடுத்துப் பாருங்கள். ஒரு நாற்பது பக்கம் நோட்டில் தேதி போட்டு, படத்தில் கண்ணில் பட்ட முதல் பொருள் எது, அதைப் பார்த்ததும் யார் ஞாபகம் வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். ராத்திரி, அன்றைய பொழுது எப்படிப் போயிற்று என்று அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. பலித்ததா என்று மட்டும் பார்க்காமல், பலிக்காத நாட்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். எடுத்த சீட்டைத் தனியே வைத்துவிட்டால், எழுபத்தெட்டு நாளில் கட்டு முழுவதும் பழக்கமாகிவிடும். குறுவை நடவு முடிந்த அன்று ஆரம்பித்தால் அறுவடைக்கு ஆள் தேடும்போது முடிந்திருக்கும். பதிமூன்றாம் சீட்டு வரும் நாளில் மட்டும், பாட்டி கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள்.